நீரடி ஸ்கூட்டரின் நிலைபொருளும் உத்தரவாதமும்

விலைகொடுத்து வாங்கிய கருவியொன்றை அதன் உடைமையாளன் தன் விருப்பம்போல் திருத்திக்கொள்ளலாமா? திருத்தியபின் அது பழுதுறுமாயின், செய்து விற்றவனிடம் ஈடு கேட்கும் உரிமை அவனுக்கு எஞ்சி நிற்குமா? இவ்வினாக்கள் புதியன அல்ல. மாட்டுவண்டிக்கு வேறு அச்சுப் பூட்டிய காலத்திலும் எழுந்திருக்கக் கூடியனவே. ஆயினும் அந்நாளில் திருத்தம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்நாளிலோ கருவியின் ஓர் ஆணியையும் கழற்றாது, அதனுள் எழுதப்பட்டுள்ள ஓர் எண்ணை மாத்திரம் மாற்றி அதன் இயல்பையே மாற்றிவிடலாம். இவ்வகைத் திருத்தத்தின் தன்மையையும், அது உத்தரவாதத்தை எங்ஙனம் தாக்குகிறது என்பதையும், சுழியோடிகள் பயன்படுத்தும் நீரடி ஸ்கூட்டரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைச் சரிவுகளிடையே வாழும் ஊவா மாகாணத்தார்க்குக் கடலடியிற் செல்லும் கருவியால் ஆவதென்ன என்று வாசகர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயின் அக்கருவியின் உள்ளே இருந்து அதனை ஆள்வன சில எல்லை எண்கள். அவை போன்ற எல்லை எண்களே நம் மலைச்சரிவுகளில் மழையை அளந்து மண்சரிவை எச்சரிக்கின்றன. எண் ஒன்றை வகுத்தல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை மீரியபெத்தவை அறிந்தவர்க்கு வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வொப்புமையைப் பின்னர் காண்போம்; முதலிற் கருவியை அறிவோம்.

கருவியின் அமைப்பு

நீரினுள் மனிதனை ஏற்றிச் செல்லும் மின்னூர்தி முதலிற் போர்க்கருவியாகவே புகழ்பெற்றது. 1941 டிசம்பர் 19ஆம் நாள் இத்தாலியக் கடற்படையினர் இத்தகைய ஊர்திகளில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துட் புகுந்து, குயீன் எலிசபெத், வேலியன்ட் என்னும் இரு பெரும் பிரித்தானியப் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினர். அதனைக் கண்ட பிரித்தானியரும் ‘சாரியட்’ என்னும் ஊர்தியைச் செய்தனர். 1944 ஒக்டோபரில், திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த டிரென்சன்ட் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு சாரியட்டுகளைச் சுமந்து சென்று தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்தைத் தாக்கியது. ஆகவே இவ்வகை ஊர்தி இலங்கைக் கடலுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இன்றைய நீரடி ஸ்கூட்டர் அதன் சிறிய, அமைதியான வழித்தோன்றல். குழல்வடிவான உடல், உள்ளே இலித்தியம் அயன் பற்றரி, பின்னே சுழலும் விசிறி, அதனைச் சுழற்றும் மோட்டார், சுழியோடி பற்றும் கைப்பிடி ஆகிய இவையே அதன் புற உறுப்புகள். நெடுந்தூரம் நீந்திக் களைக்காது, மூச்சு வாயுவைச் சிக்கனமாகச் செலவிட்டு, ஆழ்கடலின் சிதைவுகளைக் காண விரும்புவோர் இதனை நாடுகின்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திற் கிடக்கின்றது. அத்தகைய ஆழத்தில் அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதைப் போல் ஆறு மடங்காகும். அங்கு செல்வோன் தன் கருவியை நம்பியே செல்கிறான்.

நிலைபொருள் என்பது யாது?

கணினியின் தொட்டறியக்கூடிய உறுப்புகளை வன்பொருள் என்றும், அதனிடத்து ஏற்றி இறக்கப்படும் செய்நிரல்களை மென்பொருள் என்றும் வழங்குகிறோம். இவ்விரண்டிற்கும் இடையில், கருவியின் நினைவகத்தில் நிலையாக எழுதப்பட்டு, மின்னூட்டப்பட்ட கணமே தொழிற்படும் செய்நிரல் நிலைபொருள் எனப்படும். சலவை இயந்திரம், மோட்டார்க் கார், மின்தராசு ஆகிய யாவற்றினுள்ளும் இஃது உண்டு.

நீரடி ஸ்கூட்டரின் மோட்டாருக்குப் பற்றரியின் மின்னோட்டம் நேரே செல்வதில்லை. இடையில் ஒரு கட்டுப்படுத்தி உண்டு. அது குறைகடத்தி ஆளிகளை ஒரு விநாடியிற் பல்லாயிரம் முறை திறந்து மூடி, மோட்டாரின் மூன்று சுருள்களுக்கும் முறையே மின்னோட்டத்தைப் பங்கிடுகிறது. எப்போது, எவ்வளவு பங்கிடுவது என்பதை நிலைபொருளே கட்டளையிடும். அதனுள் பல எல்லை எண்கள் உள்ளன. மின்னோட்டம் இதற்கு மேற் போகலாகாது. வெப்பம் இதனைக் கடப்பின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பற்றரியின் அழுத்தம் இதற்குக் கீழ் இறங்கின் மோட்டாரை நிறுத்துதல் வேண்டும். விசையை அழுத்தியதும் இத்துணை மெதுவாகவே சுழற்சி தொடங்குதல் வேண்டும் என்பன அவை. இலித்தியம் அயன் கலமொன்று நிறைந்தபோது 4.2 வோல்ற்று அழுத்தமுடையது; பொதுவாக 2.5 முதல் 3 வோல்ற்றுக்குக் கீழ் அதனை வெறுமையாக்குதல் தகாது. அங்ஙனம் செய்யின் கலம் கெடும்; கெட்ட கலத்தை மீண்டும் மின்னேற்றும்போது தீப்பற்றவும் கூடும்.

இவ்வெண்களைப் பயனாளர் மாற்றுதல் முன்பு அரிதாயிருந்தது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பெஞ்சமின் வெடர் ‘வெஸ்க்’ என்னும் மோட்டார்க் கட்டுப்படுத்தியின் வரைபடத்தையும் நிலைபொருளையும் யாவரும் காணுமாறு வெளியிட்டபின் நிலைமை மாறியது. மின்பலகை, மின்சைக்கிள் முதலியவற்றை வீட்டிலே அமைப்போர் அதனைக் கொண்டு தம் மோட்டாரைத் தம் வழியில் ஆளக் கற்றனர். நீருக்கடியிற் செல்லும் கருவிகளின் ஆர்வலரும் அவ்வழியே நாடுவது இயல்பே.

திருத்துவோரின் நோக்கம் யாவும் தீயதென்று கருதுதல் தவறு. சிலர் கருவி திடீரெனப் பாயாது மெல்லத் தொடங்குதலை விரும்புவர். சிலர் வேகப்படிகளை நுணுக்கமாக வகுக்க விழைவர். பழைய பற்றரி கிடைக்காதபோது வேறு வகைப் பற்றரியைப் பூட்டுவோர்க்கு அழுத்த எல்லையை மாற்றுதல் இன்றியமையாதது. செய்த கம்பனியே மூடப்பட்டிருப்பின், பழுதான நிலைபொருளைத் தாமே திருத்துவதன்றி வேறு வழியில்லை. எனினும் பெரும்பாலோர் வேண்டுவது வேகமே. ஆதலின் வேகத்தின் கணக்கை ஆராய்தல் தகும்.

ஓர் எண்ணை மாற்றின் விளைவது

நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். அத்தடையை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் கனத்திற்கு ஏற்ப வளரும். வேகத்தை 25 சதவீதம் கூட்ட விரும்புவோன் 1.25ஐத் தன்னாலேயே மும்முறை பெருக்கிப் பார்க்கக் கடவன். விடை ஏறத்தாழ 1.95. அஃதாவது, வேகம் காற்பங்கு கூட, வலு இருமடங்காதல் வேண்டும். பற்றரி பாதி நேரத்திலேயே தீரும். பாதி நேரத்தில் 1.25 மடங்கு வேகத்தில் அவன் கடக்கும் தூரம் முன்னைய தூரத்தில் 64 சதவீதமே. விரைந்து செல்ல விரும்பியவன் தொலைவிற் செல்லும் ஆற்றலை இழந்தான்.

வெப்பமும் அவ்வாறே. கம்பிச் சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். மின்னோட்ட எல்லையை 20 சதவீதம் உயர்த்தின் வெப்பம் 44 சதவீதம் உயரும். வெளியே குளிர்ந்த நீர் சூழ்ந்திருப்பினும், மூடிய உடலினுள்ளே இருக்கும் ஆளிகளின் வெப்பம் அந்நீரை அடைய வழி குறுகியது.

நடுக்கடலில் மோட்டார் நின்றுவிடின் யாது நிகழும்? நிமிடத்திற்கு 60 மீற்றர் வேகத்தில் 10 நிமிடம் சென்ற சுழியோடி புறப்பட்ட இடத்திலிருந்து 600 மீற்றர் தொலைவில் இருப்பான். அவன் நிமிடத்திற்கு 15 மீற்றர் நீந்துவான் எனக் கொள்வோம். மீள 40 நிமிடம் வேண்டும். கடல்மட்டத்தில் நிமிடத்திற்கு 20 இலீற்றர் மூச்சு வாயு செலவிடுவோன், 30 மீற்றர் ஆழத்தில் நான்கு மடங்கு அமுக்கத்தில் 80 இலீற்றர் செலவிடுவான். 40 நிமிடத்திற்கு 3,200 இலீற்றர் வேண்டும். ஆனால் 12 இலீற்றர் கொள்ளும் சிலிண்டரை 200 மடங்கு அமுக்கத்தில் நிறைத்தாலும் அதில் உள்ளது 2,400 இலீற்றரே. நிறைந்த சிலிண்டரும் போதாதபோது, பாதி செலவான சிலிண்டரைப் பற்றிக் கூறுவானேன்? கருவியைச் செய்தோன் வகுத்த எல்லை எண் அவனது கஞ்சத்தனத்தின் அடையாளமன்று. பெரும்பாலும் அது திரும்பி வரும் வழியைக் காக்கும் அரண் என்பது இக்கணக்கால் விளங்கும்.

உத்தரவாதத்தின் பொருள்

உத்தரவாதம் என்பது கருவி பழுதுறாது என்னும் ஆருடமன்று. ‘இன்ன நிலையில், இன்ன காலத்துள், என் பிழையால் பழுதுறின் நான் பொறுப்பேற்பேன்’ என்னும் வாக்குறுதியாகும். இதில் ‘என் பிழையால்’ என்னும் சொல்லே உயிர்நிலை. நிலைபொருளைத் திருத்தியபின் எழும் வழக்கு யாவும், பழுது யார் பிழையால் விளைந்தது, அதனை மெய்ப்பிக்கும் சுமை யாரைச் சார்ந்தது என்னும் இரு வினாக்களிலேயே அடங்கும்.

மோட்டாரின் மின்னோட்ட எல்லையை உயர்த்தியவன், சுருள் கருகியதற்கு ஈடு கேட்டல் பொருந்தாது. ஆயின் அதே கருவியின் கைப்பிடி வார்ப்புக் குறையால் முறிந்ததாயின், நிலைபொருட் திருத்தம் அதற்குக் காரணமாகாது. ‘ஒன்றைத் தொட்டாய், ஆதலின் யாவும் இழந்தாய்’ என்று கூறும் உத்தரவாதப் பத்திரங்கள் பல உண்டு. நாடுகளின் சட்டங்கள் அக்கூற்றை ஒரே வகையாக ஏற்பதில்லை.

அமெரிக்காவின் மக்னசன் - மொஸ் உத்தரவாதச் சட்டம் 1975இல் நிறைவேறியது. குறித்த கம்பனியின் உதிரிப்பாகத்தையோ சேவையையோ விலைக்கு வாங்கினாலன்றி உத்தரவாதம் செல்லாது என நிபந்தனையிடுதலை அது பொதுவாகத் தடுக்கிறது. 2018இல் அந்நாட்டு வணிக ஆணைக்குழு, ‘முத்திரையை அகற்றின் உத்தரவாதம் இழக்கப்படும்’ என்பது போன்ற வாசகங்களைப் பற்றி ஆறு கம்பனிகளை எச்சரித்தது. எனினும் பயனாளரின் திருத்தமே பழுதுக்குக் காரணமாயின், அப்பழுதுக்குக் கம்பனி பொறுப்பேற்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வகுத்து 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த பணிப்புரை, செய்நிரல் பொதிந்த பொருள்களையும் விற்பனையாளரின் பொறுப்பினுள் அடக்கியது. பொருள் கைமாறிய ஓராண்டினுள் தோன்றும் குறை தொடக்கத்திலேயே இருந்ததெனக் கொள்ளப்படும். அன்றென மெய்ப்பித்தல் விற்றவன் கடன். 2024இல் அவ்வொன்றியம் நிறைவேற்றிய பொருட்பொறுப்புப் பணிப்புரையோ மறுபுறத்தைக் காட்டுகிறது. செய்தோனின் ஆட்சிக்குப் புறம்பாகப் பொருளைப் பெரிதும் திருத்திச் சந்தைக்கோ பயனுக்கோ விடுபவன், அதனைச் செய்தவனாகவே கருதப்படுவான் என்பது அதன் நிலை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், தீங்கு நேர்ந்த வேளையிற் பொருள் திருத்தப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடுக்க இயலாது என்கிறது.

இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இன்றும் அடிப்படை. வாங்குவோன் தன் நோக்கத்தை அறிவித்து, விற்போனின் திறமையை நம்பி வாங்கும் பொருள் அந்நோக்கத்திற்குத் தகுந்ததாதல் வேண்டும் என்னும் உட்கிடை நிபந்தனையை அது வகுக்கிறது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, தன் கவனயீனத்தால் விளையும் மரணத்திற்கும் உடற்காயத்திற்குமான பொறுப்பை வணிகர் ஒரு வாசகத்தால் உதறிவிட இயலாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, உத்தரவாதத்திற்கு ஒவ்வாத பொருள்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க அதிகாரம் பெற்றது. இவையாவும் வாங்குவோர்க்கு அரணாவன. ஆயின் கருவியின் இயல்பைத் தானே மாற்றியவன், மாற்றப்படாத கருவிக்கு உரிய அரணை முழுமையாக வேண்டி நிற்றல் அரிது.

நிலைபொருளைத் திறந்து வெளியிடுவோரும் இதனை உணர்ந்துள்ளனர். அத்தகைய செய்நிரல்கள் பலவற்றை ஆளும் பொதுமக்கள் உரிமத்தின் 2007ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு, பயனாளர் கருவிகளில் திருத்திய செய்நிரலை நிறுவ வேண்டிய தகவலை வழங்குமாறு பணிக்கிறது. அதே இடத்தில், திருத்தப்பட்டதற்கு உத்தரவாதத்தைத் தொடர்ந்து வழங்க வேண்டியதில்லை எனவும் தெளிவாகக் கூறுகிறது. திருத்தும் உரிமை ஒன்று. திருத்தியதற்குப் பிறர் பிணைநிற்க வேண்டுமென்னும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதலே மயக்கத்திற்குக் காரணம்.

மீரியபெத்த உணர்த்துவது

இனி முன்னர்க் குறித்த ஒப்புமைக்கு வருவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் மலைப்பகுதிகளுக்கு மூன்று எல்லை எண்களை வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைக் கடப்பின் விழிப்பு. 100ஐக் கடப்பின் எச்சரிக்கை. 150ஐக் கடப்பின் வெளியேற்றம். பள்ளி மாணவரும் மழைமானியைப் பார்த்து இவ்வெண்களை அறிந்துகொள்ளலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயன் வீடுகளை மூடியது. மக்கள் பலர் மண்ணுள் மறைந்தனர். அவர்களுட் பலரின் உடல்களும் மீளவில்லை. அவ்விடம் அபாயமானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அம்மக்கள் அறியாமையால் அங்கு தங்கினர் எனல் நேர்மையன்று. தோட்டத்து லயனுக்குப் புறம்பே காணியும் வீடும் இல்லாத தொழிலாளிக்கு, ‘நீ வெளியேறு’ என்னும் சொல் பாதி வாக்கியமே. ‘இங்கு வந்து வாழ்’ என்னும் மறுபாதியைக் கூறிப் பொறுப்பேற்போர் உரிய காலத்தில் முன்வரவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? எல்லை எண் தன்னந்தனியாக எவரையும் காப்பதில்லை. எண் சரியானதாதல் வேண்டும். அதன் பின்னே பொறுப்பேற்று நிற்கும் ஒருவரும் வேண்டும். கருவியில் எண் என்பது நிலைபொருள்; பொறுப்பேற்று நிற்கும் ஒருவர் என்பது உத்தரவாதம். எண்ணை நாம் மாற்றும் கணத்தில், அதன் பின்னே நின்றவர் விலகுகிறார். அவ்விடம் வெறுமையாக இருத்தல் கூடாது. மாற்றியவனே அங்கு சென்று நிற்றல் வேண்டும். மீரியபெத்தவின் துயரத்தைச் சிறு கருவியொன்றின் திருத்தத்தோடு சமன்படுத்துதல் நம் கருத்தன்று. பொறுப்பற்ற எண் எத்தகையது என்பதை அறிய நமக்கு அதனிலும் அண்மையான சான்று இல்லை என்பதே கருத்து.

திருத்துவோன் கடமைகள்

அவ்விடத்தில் நிற்க விரும்புவோன் செய்யத்தக்கன சில. உத்தரவாதப் பத்திரத்தை முழுவதும் படித்தல் முதலாவது. பற்றரி மாற்றம் போன்ற நியாயமான தேவைக்காயின், செய்த கம்பனியிடம் எழுத்து மூலம் கேட்டு, விடையைப் பேணுதல் இரண்டாவது. மூல நிலைபொருளையும் எண்களையும் இயலுமாயின் படியெடுத்து வைத்து, ஒரு வேளையில் ஓர் எண்ணையே மாற்றி, நாளும் அளவும் குறித்தல் மூன்றாவது. கரையிலும், பின்னர் நிற்கக்கூடிய ஆழத்தில் துணையோடும் சோதித்தல் நான்காவது. வெப்ப எல்லையையும் தாழ் அழுத்த எல்லையையும் வேகத்தின் பொருட்டுத் தளர்த்தாதிருத்தல் ஐந்தாவது.

இவற்றினும் மேலாக இரண்டு உண்டு. பழுதுற்றபின் மூல நிலைபொருளை மீண்டும் ஏற்றி, ஏதும் அறியாதவன் போல ஈடு கேட்போர் உளர். கட்டுப்படுத்திகள் பல தம் வெப்பத்தையும் பிழைகளையும் தாமே குறித்து வைப்பன ஆதலின் அது வெளிப்படவும் கூடும். வெளிப்படாவிடினும் அது பொய்யே. அப்பொய்யின் விலையை நேர்மையாக வாங்கிய பிறரே செலுத்துவர். மற்றொன்று, திருத்திய கருவியைப் பிறருக்குக் கொடுத்தல். தன் உயிரைப் பணயம் வைப்போன் அறிந்தே வைக்கிறான். அவனிடம் ஒருநாள் வாடகைக்கு வாங்குவோனோ, பழைய கருவியாக விலைக்கு வாங்குவோனோ அந்த எண்ணை அறியான். செய்தோன் வகுத்த எல்லையே உள்ளே இருப்பதாக நம்பி நீரில் இறங்குகிறான். அவனுக்கு அறிவியாமை வெறும் ஒப்பந்தக் குறையன்று, உயிர்க்குறையாக முடியலாம்.

கருவியைத் திறந்து அறிய விழையும் இளைஞனின் கையைத் தடுத்தல் கல்விக்கு அழகன்று. மூடிய பெட்டியை மூடியதாகவே வைத்திருப்பதில் அறிவு வளர்வதில்லை. கம்பனிகளும் ‘தொட்டால் யாவும் இழந்தாய்’ என்னும் ஒற்றை வாசகத்தை விடுத்து, எவ்வெண்களை மாற்றலாம், எவற்றை மாற்றின் எப்பொறுப்பு விலகும் என்பதை விளங்க எழுதுதல் நேர்மை. மாணவர் நாளை தொழிற்சாலையிலோ, தோட்டத்திலோ, அரசாங்கக் காரியாலயத்திலோ பல எல்லை எண்களை வகுக்கவும் மாற்றவும் நேரும். அவ்வேளையில், ‘இதன் பின்னே நிற்பவர் யார்?’ என்று முதலிற் கேட்பாராக. விடை தெரியாத வரையில் எண்ணைத் தொடாதிருப்பாராக.